சோணைமுத்து அய்யாவைச் சாகடித்த கதை

எனக்குச் சந்தேக புத்தி. இதை ஒரு வியாதி என்று என் கணவர் சொல்வார். அவர் எதற்காக அப்படிச் சொல்கிறார் என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. தேங்காயைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பது ஊரில் எல்லோரும் செய்வதுதான். நான் அதைக் கடைக்காரர் கையிலேயே கொடுத்து, ஆட்டச் சொல்லி, அப்போது அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்ப்பேன். கல்யாணமான புதிதில் கணவர் "ஆபீஸ்ல இருந்து நேரா வாரேன்" என்று சொல்லிக்கொண்டு உள்ளே நுழைந்த ஒரு நாள், அவர் நேராகத்தான் வந்தாரா என்று தெரிந்துகொள்ள அவருடைய வண்டியின் சைலன்சரைத் தொட்டுப் பார்த்தேன். (சூடாகத்தான் இருந்தது. தழும்பு இன்னும் இருக்கிறது.)

இப்படிப்பட்டவள் கையில்தான் ஒரு நாள் வாக்காளர் பட்டியலைக் கொடுத்தார்கள்.

அப்போது நான் மதுரைக்கு மேற்கே, பரவை போகிற ரோட்டை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். பாடம் நடத்துவதோடு வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேலையும் தலையில் விழுந்தது. வீடு வீடாகப் போக வேண்டும். பட்டியலில் இருக்கிறவர் வீட்டில் இருக்கிறாரா, வீட்டில் இருக்கிறவர் பட்டியலில் இருக்கிறாரா என்று பார்த்து எழுத வேண்டும். பதினெட்டு வயது நிரம்பியவர்களைச் சேர்க்க வேண்டும், வீடு மாறிப் போனவர்களையும் இறந்தவர்களையும் நீக்கச் சொல்லிப் பரிந்துரைக்க வேண்டும். மற்ற டீச்சர்கள் எல்லாம் முழங்கால் வலி, மாமியாருக்கு முடியவில்லை என்று காரணம் தேடினார்கள். எனக்கோ உள்ளுக்குள் ஒரே குஷி. அடுத்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று அதுவரை ஜன்னல் வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், இனிமேல் கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றே கேட்கலாம்.

பயிற்சி வகுப்பில், எங்கள் வேலையை மேற்பார்வை பார்க்கிற சார் தெளிவாகவே சொன்னார்.

"உயிரோட இருக்கவங்களைக் கண்ணால பாருங்க. இறந்துட்டாங்கன்னு சொன்னா அக்கம்பக்கத்துலயும் விசாரிங்க. சந்தேகம் இருந்தா மறுபடி போங்க."

அவர் சொன்னதில் 'சந்தேகம்' என்ற சொல் மட்டும்தான் என் மனதில் தங்கியது. ஆள் தெரிந்துதான் இந்த வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு ஒதுக்கிய இடம் முன்பு தனி ஊராக இருந்து, பிறகு மாநகராட்சியோடு சேர்ந்தது. அதனால் ஒரே வார்டுக்குள் இரண்டு உலகம். ஒரு பக்கம் பழைய தெரு. தலைமுறை தலைமுறையாக விவசாயம் பார்த்த குடும்பங்கள், வாசலில் வைக்கோல், பக்கத்திலேயே கார். இன்னொரு பக்கம் வயலை மேடாக்கிக் கட்டிய அடுக்குமாடி. அங்கே ஐ.டி. வேலைக்காரர்கள், பேங்க் வேலைக்காரர்கள், மாற்றலாகி வந்தவர்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு காம்பவுண்டுச் சுவர். பழைய தெருவில் செத்துப்போய் வருஷக்கணக்கானவர்களுக்கும் ஓட்டு இருந்தது. அடுக்குமாடியில் உயிரோடு நடமாடுகிறவர்களுக்கே ஓட்டு இல்லை.

அடுக்குமாடியில் கதவைத் திறக்கவே யோசிப்பார்கள். இரும்புக் கிராதிக்குப் பின்னால் இருந்து ஒரு குரல் வரும்.

"ஓடிபி கேப்பீங்களா?"

"கேக்க மாட்டேங்க. வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்திருக்கேன்."

"அப்படிச் சொல்லிட்டுத்தான் கடைசியில ஓடிபி கேப்பீங்க."

எனக்கு அவர்கள் மேல் கோபமே வரவில்லை. நம்மைப் போலவே நாலு பேர் ஊரில் இருக்கிறார்கள் என்று சந்தோஷமாக இருந்தது.

பழைய தெரு அப்படியில்லை. நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, வாய் நிறைய "டீச்சர், டீச்சர்" என்று கூப்பிட்டு, முகத்தை நேராகப் பார்த்துப் பொய் சொல்வார்கள். "எல்லாரும் இருக்காக டீச்சர்" என்பார்கள். எல்லோரையும் கூப்பிடுங்கள் என்றால் பாதிப் பேர் சுவரில் மாலையோடு தொங்குவார்கள். (இறந்தவரின் பெயரை வெட்டினால் ரேஷன் அட்டையிலும் வெட்டிவிடுவார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள்.) அதனால் நான் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் ஆட்களைப் பார்க்காமல் சுவரைப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன்.

சோணைமுத்து அய்யாவின் வீட்டுச் சுவரில் மாலை போட்ட படம் எதுவும் இல்லை. ஆளும் இல்லை.

பட்டியலில் அந்தக் கதவு எண்ணில் முதல் பெயர் அவருடையதுதான். வயது எண்பதைத் தொடப்போகிறது. முதல் முறை போனபோது அவருடைய மருமகள் பஞ்சவர்ணம் அக்கா கதவைப் பாதி சாத்திக்கொண்டு வெளியே வந்தார். வாட்டசாட்டமான பெண்மணி. என் கழுத்து அட்டையைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனதைக் கவனித்தேன்.

"மாமா தோட்டத்துக்குப் போயிருக்காக."

"எப்ப வருவாருக்கா?"

"அதைச் சொல்ல முடியாது."

இரண்டாவது முறை போனேன். மாமா தூங்குகிறார் என்றார். எழுப்ப வேண்டாம், தூரத்தில் இருந்து பார்த்துவிட்டுப் போகிறேன் என்றேன். "தூங்குற மனுசனை எதுக்குப் பாக்கணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அப்போது வீட்டுக்குப் பின்னால் இருந்து ஏதோ முனகல் கேட்டது. என்ன என்று பார்க்கக் கழுத்தை நீட்டினேன். அவர் கதவை இன்னும் கொஞ்சம் சாத்தினார்.

மூன்றாவது முறை மாமா உசிலம்பட்டிக்குப் போயிருந்தார்.

"அக்கா, அவரு இருக்காரு இல்ல?" என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

"என்ன டீச்சர் இப்பிடிக் கேட்டுப்புட்டீக! எங்க மாமா ஓட்டுன்னா உசுரை விடுவாரு. விடியறதுக்குள்ள போயி வாசல்ல நிப்பாரு. இந்தப் பூத்துல மொத ஓட்டு எப்பவும் அவருதுதான். வேணும்னா தெருவுல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க."

கேட்டேன். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். சோணைமுத்து அய்யா ஒரு தேர்தலைக்கூட விட்டதில்லை, அவருக்கு முன்னால் அந்தத் தெருவில் யாரும் ஓட்டுப் போட்டதுமில்லை. சாதாரண மனுஷிக்கு இதைக் கேட்டால் அந்தப் பெரியவர் மேல் மரியாதை வந்திருக்கும். எனக்கு, அந்த முதல் ஓட்டை இப்போது யார் போடுகிறார்கள் என்று சந்தேகம் வந்தது.

சில நாள் கழித்து அந்தத் தெருவில் திரும்பியதும் கொட்டுச் சத்தம் கேட்டது. சோணைமுத்து அய்யா வீட்டு வாசலில் சாமியானா. பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஓரமாகப் பூ அலங்காரம் செய்த டிராக்டர் ஒன்று நின்றது. அதற்குப் பின்னால் ஒரு ஜேசிபி. கேதவீடு. (எங்கள் பக்கம் துக்கத்தைக் கேதம் என்றுதான் சொல்வோம்.)

இங்கே என் அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மாவுக்குச் சொந்த ஊர் டி. கல்லுப்பட்டி. நான் டவுனிலேயே வளர்ந்தாலும், கேதவீட்டு முறைகளை மட்டும் அம்மா எனக்குள் நன்றாக ஏற்றி வைத்திருந்தார். வாசலில் நின்று யாரு, என்ன ஆச்சு என்று விசாரிக்கக் கூடாது. தெரியாமலா வந்தாய் என்று நினைப்பார்கள். நேரே உள்ளே போய், பெண்களோடு உட்கார்ந்து, கட்டிப்பிடித்து அழ வேண்டும். கிளம்பும்போது போயிட்டு வாரேன் என்று சொல்லக் கூடாது. சொல்லாமல் எழுந்து போய்விட வேண்டும். ஆக, உள்ளே போகும்போதும் கேட்க முடியாது, வெளியே வரும்போதும் கேட்க முடியாது.

கேட்க என்ன இருக்கிறது என்றும் நினைத்தேன். மூன்று முறை பார்க்க முடியாத பெரியவர், வாசலில் சாமியானா. கடைசியில் உண்மை வெளியே வந்துவிட்டது, இத்தனை நாள் படுக்கையில் கிடந்தவரை மறைத்திருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

முற்றத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோளோடு தோள் சேர்த்து அழுதுகொண்டிருந்தார்கள். பஞ்சவர்ணம் அக்கா என்னைப் பார்த்ததும் ஒரு கணம் திகைத்தார். பிறகு என் தோளில் விழுந்து முன்னைவிடச் சத்தமாக அழ ஆரம்பித்தார்.

"வாசல்ல நின்னா தெருவே விலகுமே! எங்க வீட்டுச் சிங்கமே!"

எனக்கு அழுகை வரவில்லை. பார்த்தே இராத மனிதருக்காக எப்படி அழுவது? சுற்றியிருந்த பெண்கள் என்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது. வேறு வழியில்லாமல், அந்த வருஷமும் எனக்குக் கிடைக்காமல் போன இடமாற்றத்தை நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அழுகையை நிறுத்துவதுதான் கஷ்டமாகிவிட்டது. ஏங்கி ஏங்கி அழுதேன். மூக்கைச் சிந்தக் கைக்குட்டை போதவில்லை. ஒரு அம்மா தன் முந்தானையைக் கொடுத்தார்.

"எம்புட்டுப் பேரைத் தூக்கி எறிஞ்ச! உன்னையும் தூக்கிப்புட்டானே அந்த எமன்!" என்று ஒருத்தி பாடினாள்.

வாலிபத்தில் பெரிய சண்டியராக இருந்திருப்பார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

"நேத்துக்கூடப் பருத்திக்கொட்டை ஆட்டி வச்சேனே, ஒரு வாய் குடிக்காமப் போயிட்டியே!" என்று பஞ்சவர்ணம் அக்கா கதறினார்.

மதுரைக்காரிக்கு இதில் என்ன சந்தேகம் வரும்? சாயங்காலம் ஆனால் தள்ளுவண்டியில், பருத்திக்கொட்டையை ஆட்டிக் காய்ச்சிய பருத்திப்பால் வாங்கிக் குடிக்கிற ஊர். சுக்கு தட்டிப் போட்டால் வயசானவர்களுக்கு நெஞ்சுச் சளிக்கு நல்லது. பாவம், கடைசி நேரத்தில் அதுகூட இறங்கவில்லை போலிருக்கிறது என்று அதற்கும் சேர்த்து அழுதேன்.

உடலை வீட்டுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். அங்கே ஆண்கள் கூட்டம் நெருக்கியடித்து நின்றதால் நான் போகவில்லை. பூ வைத்த டிராக்டரில் போக ஆசைப்பட்டிருப்பார், விவசாயி அல்லவா என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். ஜேசிபி, தெருவில் குழாய் பதிக்க வந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். பால் பாக்கெட்டை மூன்று முறை முகர்ந்து பார்க்கிறவள், அன்றைக்கு ஒரு நாள் எதையுமே சந்தேகப்படவில்லை. முறைப்படி யாரிடமும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் விதிப்படி அக்கம்பக்கத்தில் விசாரித்தேன். காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் முதல் வீட்டில் கண்ணாடி போட்ட ஒருவர் இருந்தார். பேங்கில் வேலை. அவர் வீட்டுப் பால்கனியில் இருந்து பார்த்தால் சோணைமுத்து அய்யாவின் வாசல் தெரியும்.

"சார், பக்கத்து வீட்டுல இறப்பு நடந்தது உண்மைதானா?"

"ஆமா மேடம். நேத்து பூரா கொட்டு. என்னால ஒரு ஆன்லைன் மீட்டிங்கூட அட்டெண்ட் பண்ண முடியல."

"அப்ப ஒரு கையெழுத்துப் போடுங்க."

போட்டார். நானும் எழுதி அனுப்பிவிட்டேன். நீக்கப்போகிறோம், மறுப்பு இருந்தால் சொல்லுங்கள் என்று அந்த வீட்டுக்கு ஒரு நோட்டீசும் போனது. மறுப்பு எதுவும் வரவில்லை. சோணைமுத்து அய்யா பட்டியலை விட்டுப் போனார். அன்றைக்கு வீட்டில் கணவரிடம், ஒரு கள்ள ஓட்டைத் தடுத்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் காபியில் இருந்து தலையைத் தூக்காமல், "நீ நல்லாப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். இவர் ஏன் இப்படிக் கேட்கிறார் என்று இவர் மேலும் சந்தேகம் வந்தது.

அடுத்து சிறப்பு முகாம் வந்தது. பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தோம். புதிதாகப் பெயர் சேர்க்கிறவர்கள், முகவரி மாற்றுகிறவர்கள் என்று நல்ல கூட்டம். மேற்பார்வை சாரும் வந்திருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெரியவர் வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். வெள்ளை மீசை, தோளில் துண்டு, நிமிர்ந்த உடம்பு. பின்னால் பழைய தெருவே திரண்டு வந்திருந்தது.

"இங்க டீச்சரு யாரு?"

"நான்தாங்கய்யா. பேரு சேக்கணுமா?"

"சேக்கத்தான் வேணும். எடுத்துப்புட்டீகளாம்ல."

"பேரு சொல்லுங்க."

"சோணைமுத்து."

கதவு எண்ணைச் சொன்னார். அப்பா பெயரைச் சொன்னார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பயத்தினால் என்று நினைக்காதீர்கள், ஆனந்தத்தினால். செத்துப்போனவர் பெயரில் ஓட்டு வாங்க ஒரு ஆளையே தயார் செய்து அனுப்பியிருக்கிறார்கள், அவனும் என் கையிலேயே வந்து மாட்டியிருக்கிறான்! இந்த ஒரு நாளுக்காகத்தான் நான் பிறந்தேனோ என்று தோன்றியது. எல்லோர் காதிலும் விழும்படி ஆரம்பித்தேன்.

"ஏங்கய்யா, இந்த வயசுல உங்களுக்கு இந்த வேலை எதுக்கு? சோணைமுத்துங்கறவரு இறந்துட்டாரு."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்ல வேண்டியதில்ல. அவரு கேதத்துக்கு நானே வந்தேன். உக்காந்து அழுதேன்."

பெரியவர் என்னையே பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பித் தன் தெரு ஆட்களைப் பார்த்தார்.

"ஏப்பா, இந்தம்மா வந்திருக்கு. என் கேதத்துக்கு நீங்க ஒருத்தனும் வரலையா?"

இடுப்பில் இருந்து வாக்காளர் அட்டையை எடுத்து நீட்டினார். வாக்காளர் அட்டையில் உள்ள படம் யார் சாயலிலும் இருக்காது என்பது ஊருக்கே தெரியும். நான் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது உங்க படம்தான்னு என்ன அத்தாட்சி?" என்று கேட்டேன். "சார், இங்க வாங்க, ஆள் மாறாட்டம்!" என்று மேற்பார்வை சாரையும் கூப்பிட்டுவிட்டேன்.

அதற்குள் பஞ்சவர்ணம் அக்கா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஐயையோ டீச்சர்! நீங்க அழுதது செவலைக்கு!"

"செவலை யாரு?"

"எங்க காளை! வாடிவாசல்ல நின்னு வெளையாடுன மாடு!"

யாரோ ஒருவர் முதலில் சிரித்தார். அப்புறம் சொல்ல வேண்டியதே இல்லை. பதினெட்டு வயசுப் பிள்ளைகள் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். பருத்திக்கொட்டையும் டிராக்டரும் குழி தோண்ட வந்த ஜேசிபியும் ஒவ்வொன்றாக என் தலைக்குள் போய் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. தூக்கி எறியப்பட்டவர்கள் எல்லாம் மாடு பிடிக்க வந்தவர்கள் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

"அப்புறம் எதுக்கு அக்கா மூணு தடவையும் அவரைக் கண்ணுல காட்டல?" என்று கேட்டேன்.

"ஓட்டுன்னு சொல்லிக்கிட்டு நீங்க மாட்டைக் கணக்கெடுக்க வந்திருக்கீகன்னு நெனச்சோம். ஊரைக் கார்ப்பரேசனோட சேத்துட்டாக, இனிமே வீட்டுல மாடு கட்ட விட மாட்டாகன்னு பேசிக்கிட்டாக. செவலை வேற முடியாமக் கெடந்துச்சு. மாமா அதுகூடவே தொழுவத்துல கெடந்தாரு. அவருக்குப் பொய் சொல்ல வராது, கேட்டா உண்மையச் சொல்லிப்புடுவாரு. அதான் மறைச்சோம். வந்த நோட்டீசைக்கூட மாட்டு விசயம்னு பிரிக்காமயே வச்சுட்டோம்."

"அக்கம்பக்கத்துல விசாரிச்சீங்களாம்மா?" என்று மேற்பார்வை சார் கேட்டார்.

"விசாரிச்சேன் சார்" என்று நான் கை காட்டிய திசையில், பெயர் சேர்க்க வந்த வரிசையில், அந்தக் கண்ணாடிக்காரரே நின்றுகொண்டிருந்தார். அவர் அவசரமாகக் கையைத் தூக்கினார்.

"சார், டெத்துன்னு கேட்டாங்க, ஆமான்னு சொன்னேன். யாருன்னு மேடமும் கேக்கல, எனக்கும் தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள். சோணைமுத்து அய்யா மட்டும் சிரிக்கவில்லை. மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு என்னிடம் குனிந்தார்.

"தாயி, ஓட்டு வந்த நாள்ல இருந்து ஒரு தடவை நான் விட்டதில்ல. நான் போட்டப்புறந்தான் இந்தத் தெருவே போடும். இந்த வாட்டி போயி நின்னா, நீ செத்தவன், தள்ளி நில்லும்பாக. அம்புட்டுப் பேரு முன்னால. மாடுதான் போச்சு. இதுவும் போகணுமா?"

அப்போதுதான் எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. கூட்டம் சிரித்ததுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மாட்டைப் பறிகொடுத்து ஆறுதல் தேடுகிற மனிதரை, ஊர் முன்னால் நிற்க வைத்து நீ உயிரோடு இருக்கிறாய் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டிருக்கிறேன். வெட்கத்தில் தலையைத் தூக்க முடியவில்லை. புதுப் படிவத்தை எடுத்து நானே எழுதினேன். புதிதாகச் சேர்ப்பதற்கான அதே படிவம்தான், பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்குக் கொடுப்பது. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பும்போது நின்றார்.

"நெசமாவே அழுதியா?"

"ஆமாங்கய்யா."

"செவலைக்கா?"

இடமாற்றத்துக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. "ஆமாங்கய்யா" என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நம்பவில்லை என்று தெரிந்தது. நான் அவர் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

"என் பேரு மட்டும் வரல, உன்னை விட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் ஆபீசுக்குப் போன் போட்டு, சோணைமுத்து பெயர் ஏறிவிட்டதா என்று கேட்பேன். ஏறும் என்பார்கள். எனக்கு நம்பிக்கை வராது, நேரில் போய் நிற்பேன். "கொன்னதும் நீ, ஒப்பாரி வச்சதும் நீ, இப்ப உசுரு குடுக்க நாயா அலையறதும் நீ. அந்த மனுசன் உனக்கு என்ன பாவம் பண்ணுனாரு?" என்று கணவர் கேட்டார்.

தேர்தல் நாள் வந்தது. வாக்குச்சாவடிக்கு வெளியே வாக்காளர்களுக்கு வரிசை எண் பார்த்துச் சொல்கிற மேசையில் நான் உட்கார்ந்திருந்தேன். விடிந்தும் விடியாமலும் போன என்னை வரிசையில் முதல் ஆளாக நின்றிருந்த சோணைமுத்து அய்யா முறைத்துப் பார்த்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். கதவு திறந்ததும் முதலில் உள்ளே போனார். உள்ளே இருந்த அதிகாரி பட்டியலில் விரலை ஓட்டினார், அந்த விரல் ஒரு இடத்தில் நின்றது.

"பெரியவரே, இதுல உங்க பேரு நீக்கம்னு இருக்கே. கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அடுத்தவங்க வாங்க."

வாசல் வழியாக எனக்கு எல்லாம் கேட்டது. சோணைமுத்து அய்யா நகரவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. வரிசையில் இரண்டாவதாக நின்றது அந்த அடுக்குமாடிக் கண்ணாடிக்காரர். புது ஓட்டு வாங்கிய ஆர்வத்தில் சீக்கிரமே வந்துவிட்டார். அதிகாரி மறுபடி கூப்பிட்டும் அவர் அசையவில்லை.

"அவரு போடட்டும் சார். நான் வெயிட் பண்றேன்" என்றார்.

நான் மேசையை விட்டு எழுந்து வாசலுக்கே ஓடிவிட்டேன்.

"சார், கடைசிப் பக்கம் பாருங்க! புதுசாச் சேத்தவங்க பேரெல்லாம் கடைசியில தனியா இருக்கும்!"

"நீங்க கத்தாதீங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே அவர் பக்கங்களைப் புரட்டினார். அந்த நேரம் நான் கும்பிடாத சாமியில்லை. கடைசிப் பக்கத்தில், பதினெட்டு வயசுப் பிள்ளைகளுக்கு நடுவில், வெள்ளை மீசையோடு சோணைமுத்து அய்யாவின் படம் இருந்தது. முதல் ஓட்டு அவருடையதுதான்.

வெளியே வந்து நேராக என் மேசைக்கு வந்தார். மை வைத்த விரலை என் கண்ணில் குத்துகிற மாதிரிப் பக்கத்தில் கொண்டுவந்து நீட்டினார்.

"நல்லாப் பாத்துக்க" என்றார்.

அதோடு விட்டார்கள் என்று நினைத்தால் தப்பு. என் மாமியாருக்கு லேசாகத் தும்மல் வந்தால்கூட, "வெறும் சளிதான்டி, எழுதிக்கிறாத" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த தும்மல் தும்முவார். சொந்தக்காரர் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று பார்க்கப் போனால், என் கணவர் எனக்கு முன்னால் போய், "பயப்படாதீங்க, பட்டியல் பையை வண்டியிலயே வச்சிட்டு வந்துட்டா" என்று அறிவிப்பார். பழைய தெருவில் இன்னொரு வழக்கம் வந்துவிட்டது. அங்கே யாராவது இறந்தால், கொட்டுக்காரருக்குச் சொல்வதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் வரும். "டீச்சர், கேதம். இன்னாரு. மத்தவுக எல்லாரும் நல்லா இருக்காக" என்று பஞ்சவர்ணம் அக்கா தெளிவாகச் சொல்லிவிடுவார்.

போன மாதம் வந்த போன் மட்டும் அவர் குரலில் வரவில்லை.

"தாயி, நம்ம தெருவுல ஒரு கேதம்."

"ஐயோ, யாருங்கய்யா?"

"யாரா இருந்தா உனக்கென்ன? அது நானில்ல. அதை மட்டும் தெரிஞ்சுக்க" என்று சொல்லிவிட்டுச் சோணைமுத்து அய்யா போனை வைத்துவிட்டார்.

குரல் அவருடையதுதான். ஆனால் போனில் யார் வேண்டுமானாலும் யார் மாதிரியும் பேசலாம். வண்டியை எடுத்துக்கொண்டு நேரிலேயே போனேன். சாமியானாவுக்குக் கீழே, தெருவைப் பார்த்துப் போட்ட முதல் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் தலையில் போட்டிருந்த துண்டை எடுத்துவிட்டு முகத்தை நன்றாகக் காட்டினார். நானும் வண்டியை நிறுத்திவிட்டு நன்றாகப் பார்த்தேன். அதற்குப் பிறகு உள்ளே போய், செத்தது யார் என்று வாய்விட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அப்புறம்தான் அழ உட்கார்ந்தேன்.